கேட்காமல் ஊட்டியது

பண்டத்தரிப்பு
03.02.2025

அன்புள்ள அருந்ததிக்கு,

என் கையெழுத்தைக் கண்டு ஆச்சரியப்படுவாய். டிசம்பருக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மூன்றாவது வசனத்தில் இருவரும் கத்தத் தொடங்கிவிடுவோம். நீ ஆசிரியப் பயிற்சிக்கும் நான் மருத்துவிச்சிப் பயிற்சிக்கும் போயிருந்த காலத்தில் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவோமே, அந்த இரண்டு வருடமும் நாங்கள் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஓட்டோக்காரர் கிறிஸ்ரி அச்சுவேலிப் பக்கம் போகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் மன்னிப்பு. பேத்தியின் ஞானஸ்நான விருந்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், ‘பல்லைக் காட்டிப் பிள்ளையளைக் கெடுக்கிற ரீச்சர்’ என்று உன்னைச் சொன்னது பெரிய பிழை. நீ சாப்பிட்ட இலையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது மிரியத்தைப் பற்றி. அவளுக்கு எட்டு மாதம். நான் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தவள். சில பிள்ளைகள் மெலிந்திருந்தாலும் கண் துடிப்பாக இருக்கும். அவர்களைப் பற்றி நான் பயந்ததில்லை. மிரியம் ஆறாம் மாதமே ஒருவரும் பிடிக்காமல் தானாக நிமிர்ந்து இருந்தவள், கை தட்டினால் சிரித்தவள். போன செவ்வாய் மானிப்பாய்க்குப் போய் அவளை மடியில் இருத்தினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வளர்ச்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். டிசம்பருக்குப் பிறகு கிளினிக்குக்கே கொண்டுபோகவில்லை. நான் கொண்டுபோன தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதமாக நிறை ஏறவேயில்லை.

நிமலினிக்குச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அம்மா, உங்களுக்கு நிறை இல்லைப் பிரச்சினை, நான் இறைச்சியை விட்டதுதான் பிரச்சினை. சுத்திச் சுத்தி அங்கைதான் வாறியள்.”

மருமகன் றொபின் மன்னாரில் வீதி வேலையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். அவனும் அவள் சொல்வதைத்தான் கேட்பான். அவள் கேட்பது உன் சொல்லை. ‘பெரியாஸ்பத்திரியில ஒருக்காக் காட்டு’ என்று ஒரு வார்த்தை சொல்லு. வேறு ஒன்றும் சொல்லவேண்டாம்.

என்றும் உன்
ஐரிஸ்

புத்தூர்
08.02.2025

அன்புள்ள ஐரிஸ்,

கடிதம் கிடைத்தது. நீ மன்னிப்புக் கேட்டது எனக்குச் சந்தோஷம். இங்கே காலையில் பனி இன்னும் விடவில்லை. வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற சத்தத்தில்தான் எழும்புகிறேன். அவர் போய் ஆறு வருடமாகிறது, இன்னும் இரண்டு பேருக்குத்தான் தேநீர் வைக்கிறேன்.

மிரியத்தை மூன்று கிழமைக்கு முன் பார்த்தேன். கொஞ்சம் வெளிறியிருந்தாள். பல் முளைக்கிற நேரம். எல்லாப் பிள்ளையும் ஒரே கணக்கில் வளர்வதில்லை என்று நீயே எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பாய்.

கோபிக்காதே, மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீ பிள்ளையின் நிறையைப் பிடித்துக்கொண்டு பழைய வழக்கைத் திரும்பக் கொண்டுவருகிறாய். அந்த வழக்கில் நான் சொல்வது என் சமயம் இல்லை, உடம்பு. எங்கள் தாடை மாட்டின் தாடைபோலப் பக்கவாட்டில் அரைக்கிறது. பூனையின் தாடை மேலும் கீழும்தான் அசையும். எங்கள் குடல் நீண்டது, புலியினுடையது குறுகியது. கிழிக்கிற பல்லும் இல்லை, கொக்கி நகமும் இல்லை. வேட்டையாடி விழுங்குவதற்காகச் செய்த உடம்பு இதுவல்ல. பாலும் அப்படித்தான். அது கன்றுக்குச் சுரப்பது. இருபத்தெட்டு வருடம் உயிரியல் படிப்பித்துவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அதைவிடப் பெரிய சாட்சி நீதானே. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், மீசாலைப் பள்ளிக்கூடத்தில், பிள்ளையும் போய் இரத்தமும் போய் நான் எழும்ப முடியாமல் கிடந்தேன். நீ தந்த முருங்கையிலைச் சூப்பில் பதினொரு நாளில் எழும்பி நடந்தேன். மீனோ இறைச்சியோ, மச்சம் ஒரு துளி தொடவில்லை. மச்சம் வேண்டாம் என்று நான் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றிய என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பெண்கள் பல்லையும் குடலையும் மறந்துபோவார்கள். அந்தச் சூப்பை யாரும் மறப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிமலினி உன்னை விட்டு என்னிடம் வருவது உனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வேறு பிள்ளை இல்லை என்று தெரிந்தும் அதை நீ பொறுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளைக்குக் குரக்கன் கஞ்சியில் கொஞ்சம் எள்ளு அரைத்துக் கொடுக்கச் சொல்கிறேன். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அன்புடன்
அருந்ததி

பண்டத்தரிப்பு
11.02.2025

அன்புள்ள அருந்ததி,

ஓம், எனக்குப் பொறாமைதான். பத்தாம் வகுப்பிலிருந்து என் பிள்ளை எதற்கெடுத்தாலும் ‘அன்ரி சொன்னவ’ என்பாள். ஒரு தாய்க்கு அது எப்படி இருக்கும்? போதுமா? அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். இனிப் பிள்ளையைப் பார்.

உன் பல்லுக்கும் பதில் சொல்கிறேன். மாடு புல்லைத் தின்று இரைமீட்கிறது. நீயும் நானும் புல்லைத் தின்றால் வயிற்றுவலிதான் வரும். நாங்கள் புலியும் இல்லை, மாடும் இல்லை. எது கிடைத்தாலும் அவித்துத் தின்று பிழைத்த சாதி. மரக்கறி தின்று நூறு வயது வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் விற்றமின் பி 12 என்று ஒன்று இருக்கிறது. அது கீரையில் இல்லை, தானியத்தில் இல்லை. சைவக்காரருக்கு அது பாலிலும் தயிரிலும் கிடைக்கிறது. நிமலினி இரண்டு வருடமாகப் பாலையும் முட்டையையும் விட்டுவிட்டாள். மாத்திரையும் போடுவதில்லை, அது தொழிற்சாலைச் சாமானாம். அவளிடம் இல்லாதது அவளுடைய முலைப்பாலில் எப்படி வரும்? பிள்ளை அதைத்தான் குடிக்கிறது.

கேள், அருந்ததி. நான் இறைச்சி கேட்கவில்லை. ஊசி கேட்கிறேன். ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு ஊசியும். அவ்வளவுதான்.

நேற்றுப் போனேன். படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்று கதைத்தாள்.

“அம்மா, அன்ரி எல்லாம் சொன்னவ. பல் முளைக்குது.”

“பிள்ளை, கதவைத் திற. ஒருக்காத் தூக்கிப்போட்டுப் போறன்.”

“நீங்கள் தூக்கினா அழுவியள். நீங்கள் அழுதா எனக்குப் பயமாக்கிடக்கு. போங்கோ.”

போகத் திரும்பியவள் ஒருக்கா நின்று பார்த்தேன். அவள் ஒரு கையால் மதிலைப் பிடித்துப் பிடித்துத்தான் வீட்டுப் பக்கம் நடந்தாள். “என்னடி கால்?” என்றேன். “விறைப்பு. நிண்டு நிண்டு வேலை செய்யிறது” என்றாள். அவளுக்கு முப்பது வயது. நின்று வேலை செய்து விறைக்கிற வயதா இது?

பிள்ளையின் மூளை வளர்கிற மாதங்கள் இவை. போனது போனதுதான், திரும்ப வராமலும் போகலாம். இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐரிஸ்

புத்தூர்
16.02.2025

திருமதி ஐரிஸ் ஜெபரட்ணம் அவர்களுக்கு,

நேற்று மானிப்பாய்க்குப் போயிருந்தேன். நிமலினி அழுதாள். நீங்கள் கிழமைக்கு இரண்டு தரம் படலையடியில் வந்து நிற்பதைப் பற்றி அயலட்டை கதைக்கிறதாம். போதகரின் மனைவியையும் அனுப்பினீர்களாம். பால் கொடுக்கிற தாயை இப்படிக் கலங்கவைத்தால் பால் எப்படிச் சுரக்கும்? ஒரு மருத்துவிச்சிக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதத்துக்காவது அவளை நிம்மதியாக விடுங்கள். இது அவளுடைய வேண்டுகோள். என்னுடையதும்.

என் பழைய கதையை அவளுக்குத் திரும்பவும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனேயே முருங்கையிலை பிடுங்கிவந்து கஞ்சியில் அரைத்துச் சேர்த்தாள். பிள்ளை இரண்டு கரண்டி குடித்தது. மிச்சம் கடைவாயால் வழிந்தது. என் மடியில் கொஞ்ச நேரம் கிடந்தாள். தலையைத் தூக்கவில்லை. நித்திரைக் கலக்கம் என்று நினைக்கிறேன். மத்தியானம் சரியாகத் தூங்கவில்லை என்று நிமலினி சொன்னாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், குளிராக இருந்தது. மழை இருட்டாகத்தான் இருந்தது நேற்று.

உங்கள் கடிதத்தில் மூளை, அது இது என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எழுதி ஒருவரைப் பயமுறுத்துவது சரியில்லை.

இப்படிக்கு
அருந்ததி சண்முகநாதன்

பண்டத்தரிப்பு
17.02.2025

அருந்ததி,

இந்தக் கடிதத்தை நீ வாசித்து முடிக்கும்வரை கிறிஸ்ரி உன் வாசலில் ஓட்டோவோடு நிற்பார். நான்தான் நிற்கச் சொன்னேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அது முருங்கையிலைச் சூப் இல்லை.

முப்பது வருடமாக இந்த வசனத்தை வாய்க்குள் வைத்திருக்கிறேன். அது ஆட்டு ஈரல்.

நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றபோது உனக்கு வயிற்றுநோ தொடங்கியது. மீசாலைக்கு வந்து சேர முன்பே வயிற்றில் இருந்த ஐந்து மாதப் பிள்ளை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் இருபது குடும்பம். வாங்குகளைச் சேர்த்துப்போட்டு உன்னைக் கிடத்தினோம். உன் உதடு சுவர்போல வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரியும் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த நேரம். இரத்தம் ஏற்ற வழியில்லை. என்னிடம் இருந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தந்தேன், உன் வயிற்றில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் எழும்பி இருக்கப் பார்த்து மயங்கி விழுந்தாய். என் இடுப்பில் ஒரு வயது நிமலினி. அவளை ஆரிடமோ கொடுத்துவிட்டு உன்னைத் தூக்கினேன். நீ ஒரு துவாயின் பாரந்தான் இருந்தாய்.

சண்முகநாதன் அண்ணையை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

“அண்ணை, இப்பிடியே விட்டா ஆள் தப்பாது. ஈரல் அவிச்சுச் சாறு குடுக்கவேணும்.”

அவர் நீ கிடந்த வகுப்பறைப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்தார்.

“என்னட்டைக் கேக்காதை, தங்கச்சி. நீ செய்யிறதைச் செய். அவவுக்கு மட்டும் தெரியவேண்டாம்.”

கொடிகாமத்துக்கு நடந்துபோய் ஈரல் வாங்கிவந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டில் அவித்தேன். துணியால் மூன்று தரம் வடித்து, மிளகும் உள்ளியும் போட்டு மணத்தை மறைத்து, மேலே முருங்கையிலையைத் தூவிக் கொண்டுவந்து ஊட்டினேன். முதல் நாள் நீ, “கொஞ்சம் கசக்குது, ஐரிஸ்” என்றாய். “முருங்கை கசக்கும்தானே” என்றேன். பதினொரு நாள் அப்படி. சட்டியைத் தினமும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினது அண்ணை.

உன்னிடம் கேட்கவில்லை. நீ மாட்டேன் என்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைச் சாகவிட என்னால் முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ எழும்பி நடந்த அன்று, உயிர் தப்பினாய் என்ற சந்தோஷத்தோடு, என் பக்கம்தான் சரி என்ற ஒரு சின்னக் கெப்பரும் எனக்குள் இருந்தது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நீ ஆட்களுக்கு அந்தச் சூப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். ஒவ்வொரு தரமும் என்னைக் காட்டி, ‘இவதான் சாட்சி’ என்றாய். நான் தலையாட்டினேன். துண்டுப்பிரசுரத்தில் போட்டாய். அப்போதும் தலையாட்டினேன்.

இப்போது என் பேத்திக்கு அந்தப் பொய்யை அரைத்துக் கரண்டியால் ஊட்டுகிறார்கள். அதைச் சமைத்தவள் நான்.

என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசு. வாழ்நாள் முழுக்க ஏசு. ஆனால் இன்றைக்கு அந்த ஓட்டோவில் ஏறி மானிப்பாய்க்குப் போ. நீயே எழுதியிருக்கிறாய், தலையைத் தூக்கவில்லை, கை குளிர் என்று. உன் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது, அருந்ததி.

ஐரிஸ்

யாழ்ப்பாணம்
02.03.2025

அன்புள்ள அருந்ததி,

ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலின் காலடியில் இருந்து எழுதுகிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் உரிமையில்லை. ஆனாலும் பிள்ளையின் செய்தி உனக்குத் தெரியவேண்டும்.

அன்று றொபின் மன்னாரிலிருந்து போன் எடுத்து, “மாமி, அருந்ததி அன்ரி பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டா, நீங்கள் போங்கோ” என்றான். நான் ஓடிவந்தபோது நீ மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாய். உன் சேலையில் பிள்ளை எடுத்த வாந்தி காயாமல் இருந்தது. ‘அருந்ததி’ என்று கூப்பிட்டேன். கேட்டிருக்கும்.

இரத்தம் பார்த்தார்கள். பி 12 இருக்கவேண்டியதில் கால்வாசியும் இல்லை. இரத்தசோகையும் கடுமை. நிமலினிக்கும் அதேதான், கால் விறைப்பும் அதனால்தான். இருவருக்கும் ஊசி போடுகிறார்கள். ஐந்தாம் நாள் நான், “மிரியம்” என்று கூப்பிட்டேன். கண் மெல்லத் திரும்பி என் முகத்தில் வந்து நின்றது. ஒன்பதாம் நாள் நிமலினியைப் பார்த்துச் சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. வாயின் ஒரு பக்கம். அடுத்த கட்டிலில் இருந்த தாயும் எங்களோடு சேர்ந்து அழுதாள்.

டொக்டர் நிதானமான பெண். “நல்லா முன்னேறுது. ஆனா எல்லாம் திரும்பிவரும் எண்டு இப்ப சொல்லமாட்டன். ஒரு வயதில, இரண்டு வயதில பாத்துத்தான் சொல்லலாம்” என்றா. இன்னும் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் என்று கேட்டேன். அவ அதற்குப் பதில் சொல்லவில்லை.

நிமலினிக்கு ஈரல் கதையைச் சொல்லிவிட்டேன். நீ அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “அப்ப அன்ரி ஒரு பொய்யும் சொல்லேல்லை. நீங்கள்தான்” என்றாள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஈரல் தந்ததற்கு இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு பொய். அன்றைக்கு உன்னைக் கேட்காததற்கும், முப்பது வருடம் தலையாட்டியதற்கும் கேட்கிறேன்.

உன்
ஐரிஸ்

புத்தூர்
13.04.2025

ஐரிஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். முப்பது வருடத்துக்கு முன் உள்ளே போனது இப்போது வெளியே வராது என்று உயிரியல் படிப்பித்தவளுக்குத் தெரியாதா? ஆனாலும் எடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினேன். கிறிஸ்ரி பாவம், இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

மானிப்பாயில் என்ன நடந்தது என்று நிமலினி உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். நான் சொல்கிறேன்.

“நிமலினி, நான் எழுதினது பிழை. பிள்ளையைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றேன்.

“அம்மா வந்து அழுதவவோ, அன்ரி?”

“அவ எழுதினவ. ஆனா நான் அதுக்காக மட்டும் வரேல்லை. சனிக்கிழமை பிள்ளை என்ரை மடியில கிடந்த கிடையை நான் கண்டனான். அண்டைக்கே எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.”

“அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “சொன்னா உன்ரை அம்மா வெண்டிடுவா எண்டு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிள்ளையைத் துவாயில் சுற்றி என் கையில் தந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் செருப்பைத் தேடினாள். அந்த இரண்டு நாளை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. உன் டொக்டர் பதில் சொல்லாத கேள்வியை நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் முழுக்க வகுப்பு வைக்கவில்லை. போன சனிக்கிழமைதான் எல்லாரையும் வரச்சொன்னேன். பதினாறு பேர் வந்தார்கள். துண்டுப்பிரசுரத்தின் கடைசிப் பக்கம் உண்மையில்லை என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் ஈரல் தரப்பட்டது என்று மட்டும் சொன்னேன். பாலைப் பற்றியும் சொன்னேன். பால் வேண்டாம் என்று எழுதிய அந்த நாட்களிலும் என் வீட்டில் தயிர்ச்சட்டி வெறுமையாக இருந்ததில்லை. ஒளித்துச் சாப்பிடவில்லை, ஆனால் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாதத்தில் பல்லுக்குப் பிறகு பால் வந்தது, அதனால் எழுதினேன். அதை ஒரு பிள்ளை வரிக்கு வரி நம்பி வாழ்ந்திருக்கிறாள்.

அவர்களில் கமலாவதி எழும்பிக் கேட்டா. “அப்ப ரீச்சர், மனுசர் இறைச்சி தின்னப் பிறந்தவையோ, இல்லையோ?”

“தின்னலாம், தின்னாமலும் இருக்கலாம்” என்றேன். “இந்த உடம்பு ரெண்டுக்கும் இடம் குடுக்குது. பல் ஒரு பக்கமும் சாட்சி சொல்லேல்லை. எனக்கு ஒரு உயிரை அடிச்சுத் தின்ன மனம் வராது. அவ்வளவுதான் என்ரை காரணம். அதை மட்டும் சொன்னா ஆரும் மதிக்கமாட்டினம் எண்டு பயந்து பல்லையும் குடலையும் கூப்பிட்டனான்.”

பாலையும் விடுகிறவர்கள் கட்டாயம் மாத்திரை போடவேண்டும் என்று கரும்பலகையில் பெயரை எழுதினேன். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். கமலாவதி பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டா. நான் இனியும் மச்சம் தொடப்போவதில்லை, ஐரிஸ். முன்னையைவிட உறுதியாக இருக்கிறேன். இப்போது அதற்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

இனி எங்கள் இருவரைப் பற்றி.

ஈரல்தான் என்னைக் காப்பாற்றியது என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். முப்பது வயது உடம்பு தானாகவும் எழும்பியிருக்கலாம். ஒரு ஆளின் கதையை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கதைக்கு மட்டும் அதை மறந்தேன். அதனால் அதை விடுவோம். நீ காப்பாற்றினாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ அவரிடம் கேட்டாய். வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுக் கேட்டாய். நான் பத்தடி தள்ளி வாங்கில் கிடந்தேன், கண் திறந்திருந்தது, காது கேட்டது. என் உடம்புக்குள் என்ன போகவேண்டும் என்று நீங்கள் இருவரும் தீர்மானித்தீர்கள். அதற்குப் பிறகு இருபத்துநான்கு வருடம் அவர் என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. இப்போது அவருடைய படத்துக்குப் பூ வைக்கப் போனால் கை நின்றுவிடுகிறது. அவரிடம் கேட்கவும் வழியில்லை.

நான் மாட்டேன் என்பேன் என்று உனக்குத் தெரியுமாம். எனக்கே தெரியாது, ஐரிஸ். இந்த இரண்டு மாதமும் அதைத்தான் யோசிக்கிறேன். வாங்கில் கிடக்கிறேன், பிள்ளை போய்விட்டது, நீ வந்து, ‘அருந்ததி, இது ஈரல், குடிக்கிறியோ?’ என்கிறாய். ஒரு நாள் ‘வேண்டாம்’ என்று வருகிறது. ஒரு நாள் ‘தா’ என்று வருகிறது. நான் எப்படிப்பட்டவள் என்று அறிய எனக்கு ஒரு நாள் கிடைத்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நானும் நிமலினிக்கு முழுதும் சொல்லாமல்தான் ஊட்டினேன். அதனால்தான் உன்னை வெறுக்க முடியாமல் இருக்கிறது. மன்னிக்கவும் முடியாமல் இருக்கிறது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நிமலினி பிள்ளையோடு இங்கே வந்தாள். பாயில் இருத்தினாள். மிரியம் கையை முன்னால் ஊன்றிக்கொண்டு இருக்கிறாள். இன்னும் தவழவில்லை. நிமலினி என்னோடு அதிகம் கதைக்கவில்லை, ஆனால் மத்தியானம்வரை இருந்தாள். தயிர்ச்சோறு கொடுத்தேன், சாப்பிட்டாள். மாதம் ஒருமுறை வருவாளாம்.

அவளோடு நீ வரவேண்டாம். உன்னைக் கண்டால் கட்டிப்பிடித்து அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அழுதால் எல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடும். எனக்கு அது இன்னும் முடியவில்லை. கடிதமும் போடாதே. போனிலும் கூப்பிடாதே.

வரவேண்டும் என்று தோன்றினால் நானே பண்டத்தரிப்புக்கு வருவேன். தோன்றாமலும் போகலாம். அதையாவது நான் தீர்மானிக்க விடு.

அருந்ததி